தாங்கியம்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கீற்றுக் கொட்டகைக்குக் கீழே ஐந்தாறு பேர் உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை விளையாடுகிறோம். கதையை நான் நடத்துவேன், மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக வருவார்கள், அவர்கள் செய்ய நினைப்பது பலிக்கிறதா என்று பகடை சொல்லும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று 1974-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டின் விதிகள்தான், ஆனால் உலகம் எங்களுடையது, பேச்சு தமிழ். அந்த உலகத்தில் ஏழ்துறை என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. அந்த ஊருக்காக நான் உருவாக்கிய சாமி தாங்கியம்மை. ஏழைகளுக்கும் நாதியில்லாதவர்களுக்கும் துணை நிற்கிறவள்.

புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அவளைப் பற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், பழைய ஆட்களும் பாதி ஆட்டத்தில் நிறுத்திக் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

இது நிஜமாவே எங்கயாச்சும் இருக்கற சாமியா? எங்க ஊர்ப் பக்கம் விசாரிச்சா தெரியுமா?

தெரியாது. தாங்கியம்மை முழுக்க முழுக்கக் கற்பனை. அவளுக்கு எந்த ஊரிலும் கோயில் இல்லை, யாருக்கும் அவள் குலசாமி இல்லை. நிஜத்தில் நம்மிடம் மதுரை வீரன், காத்தவராயன் என்று எத்தனையோ காவல் தெய்வங்கள் உண்டு, இன்றைக்கும் ஜனங்கள் கண்ணீரோடு போய் நிற்கிற தெய்வங்கள். இன்னொருத்தர் கும்பிடுகிற சாமியை எடுத்து அதற்குப் பாயிண்ட் போட்டுப் பகடை உருட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அநியாயமாகச் செத்தவர்களை ஊர் மறக்காமல் சாமியாக்கிக் கும்பிடுகிற அந்த வழக்கம் நம்முடையது, அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

பெயருக்கு அர்த்தம் நேரடியானதுதான், தாங்குகிறவள். சென்னைக்காரர்களுக்கு இதில் இன்னொன்றும் கேட்கும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று ஊர்ப் பெயர்களில் வரும் தாங்கல் என்றால் சின்ன ஏரி, மழைத் தண்ணீரைத் தாங்கி வைக்கிற இடம். மனத்தாங்கல் என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றையும் யோசித்துத்தான் இந்தப் பெயரை வைத்தேன்.

சுமைதாங்கி சுமைதாங்கின்றீங்களே, அது என்ன? நான் பார்த்ததே இல்ல.

நிறைய பேர் பார்த்ததில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். இரண்டு கல்லை நட்டு, அதன் மேல் ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். உயரம் ஏறக்குறைய ஆள் தோள் மட்டத்துக்கு வரும். பாதையோரத்தில், மரத்தடியில், குளத்துப் பக்கத்தில் இருக்கும். தலையில் மூட்டை சுமந்து நடந்து வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் தானே அந்தக் கல்மேல் சுமையைச் சாய்த்து இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, மறுபடியும் தானே தலையை நுழைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த உயரம்தான் விஷயமே. தரையில் இறக்கினால் மறுபடி தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும்.

எங்கள் ஆயா செங்குன்றம் பக்கத்திலிருந்து கீரைக்கூடை சுமந்து வந்து விற்றவர். தெருவில் போகிற யாரையாவது பார்த்து "ஒரு கை புடிம்மா" என்று கேட்பார், சிலர் பிடிப்பார்கள், சிலர் புடவை ஈரமாகிவிடும் என்று விலகிப் போவார்கள். கூடை கனத்ததைவிட, ஒவ்வொரு வாசலிலும் இப்படிக் கேட்க வேண்டியிருந்ததுதான் அவருக்குக் கஷ்டம் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். கேட்காமலே இறக்கி வைக்க ஒரு இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு செய்தி. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகக் குடும்பத்தார் சுமைதாங்கிக் கல் நடுவது தமிழ்நாட்டில் இருந்த வழக்கம். சுமையை இறக்க முடியாமல் போனவளுக்காக, மற்றவர்கள் சுமையை இறக்க ஒரு கல். இதைக் கேட்ட நாளிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை, தாங்கியம்மை பிறந்தது இங்கேதான். ராணிப்பேட்டை மாவட்டத்தில் சுமைதாங்கி என்றே ஒரு ஊர் இருக்கிறது.

சரி, அவ கதையைச் சொல்லுங்க. எப்படிச் சாமி ஆனா?

ஏழ்துறையில் கப்பலில் வரும் உப்பு, துறையிலிருந்து மேட்டுக் கிடங்குக்குத் தலைச்சுமையாகத்தான் போகும். வியாபாரிகள் சபை ஒரு சட்டம் வைத்திருந்தது. மூட்டை தரையில் பட்டால் அன்றைய கூலி கிடையாது. தரை ஈரத்தில் உப்பு கரைந்து எடை குறைகிறது என்று காரணம் சொன்னார்கள். சுமக்கிறவருக்குக் கை கொடுக்கிறவருக்கும் கூலி கிடையாது, வேலை நேரத்தில் வேறு வேலை பார்த்த குற்றம்.

எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி மூட்டை சுமந்து போனாள். பாதி வழியில் வலி எடுத்தது. கை பிடிக்கச் சொல்லிக் கேட்டாள், எதிரே வந்தவர்கள் எல்லாம் அவளைப் போலவே கூலிக்காரர்கள், வீட்டில் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தார்கள். அவளுக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை என்று கதை சொல்கிறது. ஒரு பனைமரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள், மூட்டையை மட்டும் இறக்கவில்லை. நின்றபடியே உயிர் போனது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் உடம்பு இல்லை. அவள் நின்ற இடத்தில் இரண்டு கல் நட்டு நிற்கிறது, மேலே ஒரு கல் படுத்திருக்கிறது, அதன்மேல் உப்பு மூட்டை. மூட்டை தரையில் படவில்லை. கங்காணி வந்து பார்த்தான், சபையிலிருந்து கணக்குப்பிள்ளை வந்தான், சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். அவர்கள் எழுதிய சட்டப்படியே அவளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். அந்தக் கல்மேல் எண்ணி வைத்த காசுதான் அவளுக்கு விழுந்த முதல் காணிக்கை. அன்றைக்கே வழியில் வந்த இன்னொருத்தன் தன் மூட்டையையும் அதன்மேல் இறக்கினான், தரையில் படவில்லை, கங்காணியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, கூலிப் பேரேட்டில் எண் மட்டும்தான் இருந்தது. தாங்கி என்பது ஜனங்கள் வைத்த பெயர்.

வயித்துல இருந்த குழந்தை என்ன ஆச்சு?

இதை ஒரு பெண் ஆட்டக்காரர் கேட்டார். அதுவரை நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, அதற்காக இன்னும் வருத்தப்படுகிறேன். அடுத்த வாரம் யோசித்து வந்து சொன்ன பதில்தான் இப்போது எங்கள் உலகத்தில் நிலைத்திருக்கிறது. குழந்தை எங்கே போனது என்று ஏழ்துறையில் யாருக்கும் தெரியாது. தெரியாததால், ஊரில் தாய் இல்லாத ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பிள்ளையாக இருக்கலாம். அங்கே எந்த அனாதைக் குழந்தையிடமும் தாயார் பெயர் என்ன என்று கேட்டால் "தாங்கி" என்றுதான் சொல்லும், கேட்டவர் அதற்குமேல் கேட்கக் கூடாது.

உருவம் எப்படி இருக்கும்? கையில சூலம், அரிவாள் ஒண்ணும் கிடையாதா?

உருவம் கிடையாது, மூன்று கல்தான். ஆயுதமும் இல்லை. அவளுக்கு அடையாளம் சும்மாடு, தலைச்சுமைக்குக் கீழே துணியைச் சுருட்டி வைப்பார்களே, அது. பூசாரிகள் கழுத்தில் பழைய புடவைத் துணியில் முறுக்கிய சும்மாட்டை மாலை மாதிரிப் போட்டிருப்பார்கள். யாருக்காவது தேவைப்பட்டால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், திரும்பக் கேட்கக் கூடாது. அதனால் ஏழ்துறையில் பூசாரிகள் எப்போதும் துணி முறுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

அவளைக் கும்பிடணும்னா என்ன செய்யணும்? படையல், விரதம் ஏதாவது?

ஒரு கை பிடித்தால் போதும். அன்றைக்கு யாராவது ஒருவருக்கு, எந்தச் சுமையானாலும், அவர் கேட்பதற்கு முன்னால் கை கொடுப்பதுதான் பூஜை. கேட்ட பிறகு கொடுத்தால் அது உதவி, நல்லதுதான், ஆனால் பூஜைக் கணக்கில் வராது. ஏன் என்று புரியவில்லை என்றால் மேலே ஆயா சொன்னதைப் பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு நாள் கூழ் உண்டு. ஆடி மாதம் வடசென்னையில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன், அதை விட மனம் வரவில்லை. ஏழ்துறையில் ஒரே ஒரு வழக்கம் மட்டும் வேறு. கூழ் ஊற்றுகிறவர் உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவர் நின்றுகொண்டு வாங்குவார். வாங்குகிறவர் குனியக் கூடாது என்பதற்காக.

பணக்காரன் கட்டித் தர்ற கோயிலை ஏத்துக்குவாளா?

கூரை போட்டாலே அது சுமைதாங்கி இல்லை. கூடையோடு வருகிறவர் குனிந்து நுழைய வேண்டி வரும், கதவு வைத்தால் பூட்டு வரும். எங்கள் ஆட்டத்தில் ஒரு வியாபாரி பெரிய மண்டபம் கட்டினான், கல்லைச் சுற்றிப் பித்தளைக் கம்பி போட்டான், மறுநாளிலிருந்து அந்தக் கல்லுக்குச் சக்தி இல்லை. கம்பியை எடுத்த அன்று திரும்ப வந்தது. எளிமையிலேயே இருக்க விரும்புகிற அம்மன் நமக்குப் புதிதில்லை. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் இன்றைக்கும் ஓலைக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறாள், சுற்றிலும் ஊர் எவ்வளவோ வளர்ந்துவிட்டது.

பணக்காரர்கள் கும்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. முந்தைய பதிலில் சொன்ன பூஜை எல்லோருக்கும் ஒன்றுதான், காசு கொடுத்து ஆளை வைத்துக் கை பிடிக்கச் சொன்னால் மட்டும் கணக்கில் வராது.

ஆட்டத்துல அவ பூசாரியா வந்தா என்ன சக்தி கிடைக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

இந்த விளையாட்டில் சாமியின் சக்தியைப் பெறும் கதாபாத்திரத்துக்குக் கிளெரிக் என்று பெயர், நாங்கள் பூசாரி என்கிறோம். அதற்கு முன்னால் ஒன்று. எங்கள் ஆட்டத்தில் சுமைக் கணக்கு கட்டாயம். விதிப் புத்தகப்படி ஒவ்வொரு கதாபாத்திரத்தின் பலத்துக்கும் ஒரு எண் உண்டு, அதை 15-ஆல் பெருக்கினால் அத்தனை பவுண்டு சுமக்கலாம், அதாவது பலம் 10 உள்ள சாதாரண ஆள் 150 பவுண்டு, கிட்டத்தட்ட 68 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டேமுக்கால். நிறைய இடங்களில் இந்தக் கணக்கை யாரும் போடுவதே இல்லை, சலிப்பாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். எடையே இல்லாத உலகத்தில் தாங்கியம்மைக்கு வேலை இல்லை.

விதிப்படி சின்ன ஓய்வுக்கு 1 மணி நேரம் ஆகும். பூசாரி தன் சும்மாட்டை ஒருவருக்குக் கொடுத்தால் அவருக்கு அது 10 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு முறை. பூசாரி தன் முறையை விட்டுக்கொடுத்து இன்னொருவருக்குக் கை பிடித்தால், அவர் பலத்துக்கான 20 பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். 8 மணி நேர நீண்ட ஓய்வில் சோர்வு ஒரு நிலைதான் குறையும், சுமைதாங்கிக் கல் பக்கத்தில் படுத்தால் இரண்டு நிலை.

நான்காவது சக்திதான் பெரியது. இன்னொருவரின் சோர்வைப் பூசாரி தன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். சோர்வில் ஆறு நிலை, ஆறாவது வந்தால் சாவு, அதனால் ஐந்து வரைதான். ஆறாவதையும் ஏற்றிக்கொள்கிறேன், என் கதாபாத்திரம் தியாகம் செய்யட்டும் என்று உணர்ச்சிவசப்பட்டுக் கேட்டவர்கள் உண்டு. முடியாது. அவள் அப்படித்தான் செத்தாள், தன்னைப் போல இன்னொருவர் சாவதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆட்டத்தில் நான் வளைக்காத விதி ஒன்று உண்டு என்றால் இதுதான்.

திக்கற்றவனுக்குத் தெய்வமே துணைன்னு சொல்றோம். அப்புறம் ஏன் அவ ஒரே ராத்திரியில எல்லார் வறுமையையும் போக்கிடல?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். கதைக்குள்ளிருந்து சொன்னால் அவளால் முடியாது. அவள் உலகத்தைப் படைத்தவள் இல்லை, ஒரு சாலையில் செத்த கூலிக்காரி. அவளுக்குத் தெரிந்தது எடை, அவளிடம் இருப்பது கல்லின் பலம்.

வெளியிலிருந்து, எழுதியவனாகச் சொன்னால், வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். சின்ன வயதிலிருந்து நான் படித்த மாயாஜாலக் கதைகளில் ஏழைகள் முதல் அத்தியாயத்தில் வருவார்கள், அழுவார்கள், ராட்சசனைக் கொன்ற வீரனுக்கு நன்றி சொல்வார்கள், அதற்குப் பிறகு அவர்களுக்குப் பெயர்கூட இருக்காது. எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிற சாமியை நடுவில் வைத்தால் ஏழை அங்கேயும் கையேந்தி நிற்கிற ஆளாகத்தான் இருப்பான். எங்கள் ஆட்டத்தில் உப்புச் சுமக்கிறவர்தான் கதாநாயகர், வியாபாரிகள் சபையோடு கூலி பேசப் போவதும் அவர்தான், அவள் அவருக்குப் பின்னால் இருக்கிறாள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-லிருந்து அங்கே நிற்கிறது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போவேன். இங்கே ஒரு சாமி இருந்தால் எந்த இடத்தில் இருக்கும் என்று யோசிப்பேன். ஐந்தாவது ஆளாகச் சேர்ந்து தள்ளாது. பாறை கொஞ்சம் நகர்ந்ததும், பின்னால் உருண்டு காலில் விழாமல் இருக்க அடியில் ஒரு முட்டுக்கல் கொடுப்பார்களே, அந்தக் கல்லாக இருக்கும். தாங்கியம்மை அதுதான்.

எளியாரை வலியார் வாட்டினால் வலியாரைத் தெய்வம் வாட்டும்னு ஒரு பழமொழி இருக்கு. அவ யாரையும் தண்டிக்கவே மாட்டாளா?

தண்டிப்பாள், ஒரே ஒரு விதத்தில். ஒருவன் அநியாயமாக இன்னொருவர் தலையில் ஏற்றிய சுமை அவன் தோளிலேயே கனக்கத் தொடங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு சோர்வு நிலை ஏறும், நான்கோடு நின்றுவிடும். கல்லுக்கு வந்து, கொடுக்க வேண்டிய கூலியை எண்ணி வைத்த உடனே இறங்கிவிடும். மன்னிப்பு கேட்கச் சொல்லி அவள் கேட்பதில்லை, பாக்கியைத்தான் கேட்பாள்.

ஏன் கொல்லவில்லை என்று கேட்கிறவர்களுக்குச் சிலப்பதிகாரத்தில் வரும் சதுக்கப் பூதத்தைச் சொல்வேன். புகார் நகரத்து நாற்சந்தியில் இருந்துகொண்டு, பொய்ச்சாட்சி சொல்கிறவர்கள் மாதிரியான ஆட்களைக் கயிற்றில் கட்டி அடித்துத் தின்கிற பூதம். ஒரு பெண்ணைப் பற்றிப் பொய் சொன்னவனை அது பிடித்துவிடும், அவன் தாய் கதறுவாள். கோவலன் போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்பான். பூதம் ஒத்துக்கொள்ளாமல் அவனைக் கொன்றுவிடும். அதற்குப் பிறகு கோவலன் அந்தத் தாயையும் உறவினர்களையும் பல வருடம் காப்பாற்றுவான். நீதி என்று பார்த்தால் பூதம் செய்தது சரி. ஆனால் அந்த அம்மா ஒன்றுமே செய்யவில்லை, பிள்ளை போன சுமை அவள் தலையில் ஏறியது, அதை இறக்க ஒரு மனிதன் வர வேண்டியிருந்தது. தாங்கியம்மையை எழுதும்போது நான் கோவலன் பக்கம் நின்றேன்.

ஏழை மாதிரி நடிச்சு யாராவது ஏமாத்தினா? அவளுக்குத் தெரியாதா?

தெரிந்தாலும் கேட்க மாட்டாள். கல்மேல் மூட்டை இறக்குகிறவரிடம் கல் எதுவும் விசாரிப்பதில்லை.

இதில் எனக்குத் தனிப்பட்ட காரணம் உண்டு. எங்கள் ஆயா 74 வயதில் முதியோர் உதவித்தொகைக்காக ஒரு அலுவலகத்துக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் வேறொரு காகிதம் கேட்டார்கள். பிள்ளை இருக்கிறானே, அவன் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார்கள். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று, எதிரே நின்றவரிடமே கேட்டார்கள். நாலு மணி நேரம், உட்கார நாற்காலி கிடையாது. ஏமாற்றுகிற பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம், ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லோருமே கூனிக் குறுகித்தான் நின்றார்கள். வீட்டுக்கு வந்து ஆயா, எனக்கு வேணாம்பா என்று சொல்லிவிட்டார். கஷ்டத்தை நிரூபிக்கச் சொல்லிக் கேட்காத ஒரே ஒரு இடமாவது எங்கள் கற்பனை உலகத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஏமாற்றுகிறவனால் கல்லுக்கு என்ன நஷ்டம்? பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

திருடிட்டு ஓடி வந்தவன் கல்லைத் தொட்டு அடைக்கலம் கேட்டா? அவன் திருடினதும் ஒரு ஏழை வீட்லன்னா?

முந்தைய இரண்டு பதில்களும் இங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கல் விசாரிக்காது, அதனால் அவனுக்கும் இடம் உண்டு. கல்லைத் தொட்டிருக்கும்வரை யாரும் அவனை அடிக்க முடியாது. ஆனால் திருடிய மூட்டையையும் அவன் அங்கே இறக்கித்தானே ஆக வேண்டும், இறக்கியதை மறுபடி தூக்க அவனால் முடியாது, அடுத்தவர் பொருள் என்றால் கல்லை விட்டு எழும்பாது. போகும்போது வெறுங்கையோடு போகலாம், துரத்தி வந்தவர் தன் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். பசிக்காகத் திருடியது சோறாக இருந்தால்? அது ஆட்டத்தில் ஒரு முறை வந்தது. துரத்தி வந்த அம்மாவாக விளையாடியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பானையைத் திறந்து பாதியை எடுத்து வைத்தார். விதி எதுவும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஒரே கல்லு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல வர்றாங்க. யாருக்கு முதல்ல?

யாருடைய சுமை அதிகம் என்று அளக்கத் தொடங்கினால் விடியாது. சுமையை இறக்கியவர் தள்ளி வைத்து இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் முறை. நடப்பில் ஏழைகளுக்குள் சண்டை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கல் ஒன்றே ஒன்று இருப்பதுதான். இந்த இடத்தில் என் ஆட்டக்காரர்கள் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டு இன்னொரு கல் ஏன் நடப்படவில்லை என்று விசாரிக்கக் கிளம்புவார்கள், கதை சூடு பிடிப்பது அங்கேதான்.

நம்ம சென்னையில அவ இருந்தா எங்க இருப்பா?

முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் கொத்தவால் சாவடி என்று சொல்லியிருப்பேன். 1996-ல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, மூட்டை தூக்குகிறவர்களில் நிறைய பேரும் கூடவே போனார்கள், அவளும் அவர்களோடு போயிருப்பாள்.

ஆனால் இப்போது நான் அவளைத் தேடுவது தி. நகரில். ரங்கநாதன் தெரு மாதிரி இடங்களில் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் காலையிலிருந்து ராத்திரிவரை நின்றபடியே புடவை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தலையில் மூட்டை இல்லை, ஆனால் இறக்கி வைக்க இடம் இல்லாத சுமைதான் அதுவும். 2018-ல் கேரளத்திலும் 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஒரு நாற்காலிக்காக ஒரு சட்டம். சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். என் கண்ணுக்கு அந்த நாற்காலி சுமைதாங்கிக் கல்லேதான், அதுவும் கேட்காமலே இருக்க வேண்டியது. கடைக்குப் போகும்போது அது இருக்கிறதா, இருந்தால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான் பார்ப்பேன்.

சாப்பாடு கொண்டு வருகிற பையன்கள் முதுகில் அந்தச் சதுரப் பையோடு, ஓட்டல் வாசலில் வண்டிமேலேயே உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். அங்கேயும் அவள் இருக்க வேண்டும்.

கல்லே இல்லாத ஊருக்குப் போயிட்டா அவளைக் கூப்பிட முடியாதா?

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் இருந்தது, ஆட்டக்காரர்கள்தான் பதில் கண்டுபிடித்தார்கள். வியாபாரிகள் சபை சாலையை அகலப்படுத்துகிறோம் என்று சொல்லி ஏழ்துறைச் சாலையில் இருந்த எல்லாக் கல்லையும் பெயர்த்துக் கடலில் போட்டுவிட்டது. பழைய சட்டம் திரும்ப வந்தது, மூட்டை தரையில் பட்டால் கூலி இல்லை. பூசாரிகளிடம் சக்தி போய்விட்டது, பகடை உருட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு மாடியில் எல்லோரும் வாட்டமாக உட்கார்ந்திருந்தோம், நான்கூட, எழுதியவனே நான்தான் என்றாலும்.

அப்போது உப்புச் சுமக்கிறவராக விளையாடுகிறவர், நானும் இவரும் எதிரெதிரே நிற்கிறோம், தோளில் ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொள்கிறோம் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். சாயங்காலம்வரை என்றார். கை வலிக்கும், சோர்வு ஏறும், கங்காணி வருவான் என்று சொன்னேன். வரட்டும் என்றார்கள். முதலில் வந்தவள் ஒரு கிழவி, தலையில் இரண்டு படி உப்பு. கழிமேல் இறக்கினாள். பூசாரியாக விளையாடுகிற பெண் பகடையைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார், நான் உருட்டுங்கள் என்றேன்.